பரிசுப் பணமும் ஆறரை மணி பஸ்ஸும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மலாலா பற்றிய கட்டுரை படித்தேன். பாகிஸ்தானில் பெண்பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று குரல் கொடுத்ததற்காக 2012-ல் பள்ளி வாகனத்திலேயே சுடப்பட்டவர், பிழைத்ததே பெரிது என்று ஒதுங்கியிருக்கலாம். 2014-ல் கிடைத்த உலகக் குழந்தைகள் பரிசின் 50,000 டாலரை, காஸாவில் இடிந்த பள்ளிகளுக்குக் கொடுத்துவிட்டார். நோபலைவிட எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது.

குடியிருந்த வீட்டையே பெண்கள் கல்லூரிக்குத் தந்த வள்ளல் அழகப்பரின் ஊர்ப்பக்கம் எங்களுடையது. இங்கே பெண்பிள்ளைகளைப் படிக்காதே என்று யாரும் மிரட்டுவதில்லை. ஆனால் ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து, புத்தகப் பையை மடியில் வைத்தபடி பஸ் ஸ்டாண்டில் இருட்டும்வரை காத்துக் கிடக்கிறார்கள். டிக்கெட் இலவசம், சரி. பஸ் வர வேண்டுமே! "படிச்சது போதும்" என்று வீட்டில் சொல்ல அதுவே சாக்காகிவிடுகிறது. மாலை ஆறரைக்கு ஒரு டவுன் பஸ் விடுங்கள்.

- ஒரு வாசகி, கோட்டையூர்