மாட்டுக்கு நர்ஸா என்று கேட்டாயே

பள்ளத்தூர்,
ஞாயிறு காலை

அன்புள்ள தோழிக்கு,

உன் பூனை மீன் சோறு தின்ன ஆரம்பித்துவிட்டது என்று கேட்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது. மூன்று நாளாக வாயில் ஒன்றும் வைக்கவில்லை என்று நீ சொன்னபோது நான் அப்படிப் பதறியதற்குக் காரணம் இருக்கிறது. நாய் இரண்டு மூன்று நாள் பட்டினியைத் தாங்கிவிடும். பூனை தாங்காது. அதுவும் உன் பூனை போலக் கொழுத்த பூனை பட்டினி கிடந்தால் உடம்பிலுள்ள கொழுப்பெல்லாம் ஈரலில் போய் அடைந்துகொள்ளும். அப்புறம் பசியே எடுக்காது, தின்னவும் தின்னாது. இன்னொன்றும் நினைவில் வைத்துக்கொள். காய்ச்சல் என்று நாம் போட்டுக்கொள்கிற பாராசிட்டமாலை அதற்குக் கொடுத்துவிடாதே. பூனையின் ஈரலுக்கு அந்த மருந்தை முறிக்கத் தெரியாது, ஒரே மாத்திரையிலேயே உயிர் போய்விடக்கூடும்.

இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாய். என் மகள் சொல்லித்தான் தெரியும். அதே பேச்சில் நீ கேட்ட இன்னொரு கேள்விக்கு அப்போது பதில் சொல்ல முடியவில்லை, பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

உன் மகளுக்குக் கால்நடை மருத்துவத்துக்குக் கட் ஆஃப் வரவில்லை. அழுதுகொண்டு அறையிலேயே கிடக்கிறாள் என்றாய். என் மகள் இங்கிலாந்தில் படிக்கிற வெட்டரினரி நர்ஸ் படிப்பைப் பற்றி யாரோ உன் மகளிடம் சொல்லியிருக்கிறார்கள். “மாட்டுக்கு நர்ஸா? டாக்டர் ஆக முடியாதவர்கள் போகிற படிப்பா இது?” என்று கேட்டாய். கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. இரண்டு வருடம் முன்னால் நானும் இதையேதான் கேட்டேன்.

எங்கள் ஆயா வீட்டுச் செவலைப் பசுவை நினைவிருக்கிறதா உனக்கு? நாம் ஒன்பதாவது படிக்கும்போது. கன்று ஈன்ற மறுநாள் சாயங்காலம் பின்கட்டுத் தொழுவத்தில் விழுந்தது. கழுத்தை வளைத்து விலாப்பக்கம் வைத்துக்கொண்டு காதெல்லாம் சில்லென்று கிடந்தது. யாரோ கண்ணு பட்டுவிட்டது என்று ஆயா மிளகாய் சுற்றிப் போட்டார்கள். மாட்டாஸ்பத்திரியிலிருந்து டாக்டர் வரும்போது மறுநாள் காலை எட்டு மணி. பார்த்ததுமே சொல்லிவிட்டார், பால் சுரக்கிற வேகத்தில் ரத்தத்தில் கால்சியம் இறங்கிவிட்டது என்று. கழுத்து நரம்பில் ஊசி குத்தி மெதுவாகப் பாட்டிலை ஏற்றினார். காது சூடானது, சாணி போட்டது, ஆனால் எழுந்திருக்கவில்லை. ராத்திரி முழுக்க ஒரே பக்கமாகக் கிடந்ததில் அதன் பாரமே தொடைச் சதையை நசுக்கியிருக்கிறது என்றார். “இரண்டு மூன்று மணிக்கு ஒரு தடவை பக்கம் மாற்றிப் போடுங்கள். நெஞ்சு நிமிர்ந்து உட்கார்ந்த மாதிரியே இருக்கட்டும், நீட்டிப் படுக்க விடாதீர்கள், வயிறு உப்பி மூச்சு முட்டிவிடும்” என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் போய்விட்டார்.

வைக்கோல் அடைத்த சாக்குகளை இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து நீயும் நானும் உட்கார்ந்திருந்தோம். பக்கம் மாற்றும்போதெல்லாம் உங்கள் அண்ணனையும் வேலைக்கார அண்ணனையும் எழுப்பி, நாலு பேராகப் புரட்டினோம். மடியில் ஈரம் படாமல் வைக்கோல் மாற்றினோம். வாளியை வாய்க்குக் கீழே பிடித்து நீதான் தண்ணீர் காட்டினாய். மூன்றாம் நாள் விடியற்காலையில் பின்னங்கால் இரண்டையும் ஊன்றி, ஒரு தடவை சறுக்கி, அப்புறம் எழுந்து நின்றதே, நீ அழுதாய்.

அந்தக் கால்சியம் ஏறாவிட்டால் பசு அன்று மத்தியானமே செத்திருக்கும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் டாக்டர் அரைமணி நேரம் இருந்தார். மீதி இரண்டு ராத்திரியும் யாராவது இருந்தாக வேண்டியிருந்தது. அந்த வேலைக்கு நம்மூரில் பேர் கிடையாது. இங்கிலாந்தில் அதற்குப் பேர் இருக்கிறது, படிப்பு இருக்கிறது, பதிவேடு இருக்கிறது. மகள் முதல் வருடம் படித்துவிட்டு வந்து, எழ முடியாத பிராணியை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று தன் நோட்டிலிருந்து படித்துக் காட்டினாள். பக்கம் மாற்றுவது, படுக்கை உலர்ந்திருப்பது, நெஞ்சு நிமிர்ந்திருப்பது என்று வரிசையாக அதில் இருந்தது. எனக்குத் தொழுவத்து வைக்கோல் வாசனையே வந்துவிட்டது.

சரி, படிப்பைப் பற்றிச் சொல்கிறேன். அங்கே இதை மேற்பார்வை பார்ப்பது ராயல் காலேஜ் ஆஃப் வெட்டரினரி சர்ஜன்ஸ் என்கிற கால்நடை டாக்டர்களின் அமைப்பு. நர்ஸுகளுக்கான பயிற்சித் திட்டத்தை அவர்கள் 1961லேயே தொடங்கிவிட்டார்கள். இரண்டு வழி இருக்கிறது. ஒரு கிளினிக்கில் வேலை பார்த்துக்கொண்டே டிப்ளமோ முடிப்பது ஒன்று. அது அந்த ஊர்க்காரர்களுக்குத்தான் ஒத்துவரும், மாணவர் விசாவில் போகிறவர்களுக்கு ஒத்துவராது. நம் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகத்தில் மூன்று நான்கு வருடப் பட்டப்படிப்புதான். எந்த வழியில் போனாலும் குறைந்தது 1,800 மணி நேரம் கிளினிக்கில் நின்று வேலை கற்க வேண்டும். கடைசியில் செய்முறைத் தேர்வு. அறை அறையாகப் போய், பார்ப்பவர் எதிரே கட்டுப் போடுவது, மருந்தளவு கணக்கிடுவது, கை கழுவிக் கையுறை மாட்டுவது என்று ஒவ்வொன்றையும் செய்து காட்ட வேண்டுமாம். தேறிப் பெயரைப் பதிந்த பிறகும் வருடத்துக்கு 15 மணி நேரம் புதிதாக ஏதாவது கற்றுக் கணக்குக் காட்ட வேண்டும்.

என்ன செய்யலாம், செய்யக் கூடாது என்பது 1966ஆம் வருடத்துச் சட்டத்தில் இருக்கிறது. பதிவு பெற்ற நர்ஸ் டாக்டர் சொல்லி ஊசி போடலாம், ரத்தம் எடுக்கலாம், தோலைத் தைக்கலாம், சின்ன அறுவையும் செய்யலாம். வயிறு, நெஞ்சு போன்ற உட்குழிவுக்குள் கை வைக்கக் கூடாது. இன்ன நோய் என்று தீர்மானிக்கவோ மருந்து எழுதவோ கூடாது.

இந்த எல்லையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். போன லீவுக்கு அவள் வந்திருந்தபோது பக்கத்துத் தெருக்காரர் தன் புலிக்குளம் காளையைக் காட்டினார். சிராவயல் மஞ்சுவிரட்டுக்கென்று வளர்க்கிறார், பிள்ளையைப் போலப் பார்த்துக்கொள்வார். வேலிக்கம்பி கிழித்துத் தோளில் ஆழமான புண், ஈ மொய்த்தது. இவள் காய்ச்சி ஆறிய உப்புத் தண்ணீரால் நிதானமாகக் கழுவி, புண்ணின் ஆழத்தைப் பார்த்து, ஈ அண்டாமல் சுத்தமான துணி போட்டு மூடிவிட்டு, “உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள் மாமா, உள்ளே தையல் வேண்டியிருக்கும்” என்றாள். “சீமையில் படித்தும் ஒரு ஊசி போடத் தெரியாதா?” என்று அவருக்கு முகம் சுண்டிவிட்டது. “போடத் தெரியும் மாமா, ஆனால் டாக்டர் பார்க்காமல் நான் போடக் கூடாது” என்று இவள் பொறுமையாகச் சொன்னாள். டாக்டர் வந்து உள்ளே உடைந்திருந்த கம்பித் துண்டை எடுத்தார். அன்றைக்குத்தான் என் மகள் வளர்ந்துவிட்டாள் என்று எனக்குத் தோன்றியது.

அவள் சொன்னதில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது மயக்க மருந்து விஷயம். ஒரு கிழட்டு நாய்க்குப் பல் பிடுங்கினார்கள். டாக்டர் வாய்க்குள் கவனமாக இருப்பார், நாயின் உயிரைக் கவனிக்கிற பொறுப்பு நர்ஸுடையது. மெஷின் எண்ணெல்லாம் சரியாகவே காட்டியதாம். ஆனால் இவள் கையை நெஞ்சில் வைத்திருந்தவள், மூச்சு மேலோட்டமாகிறது, ஈறு வெளுக்கிறது என்று பார்த்துச் சொன்னாள். ஈறை விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு வினாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும், அது தாமதித்தது. சீனியர் நர்ஸ் வந்து பார்த்து டாக்டரிடம் சொல்ல, மருந்தைக் குறைத்தார்கள். நாய் அன்று மாலையே வாலை ஆட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனது. மெஷினைப் பார், ஆனால் பிராணியிலிருந்து கையை எடுக்காதே என்றுதான் முதல் நாளிலிருந்து சொல்லிக்கொடுக்கிறார்களாம். முயலைப் பற்றியும் சொன்னாள். நாயையும் பூனையையும் ஆபரேஷனுக்கு முன்னால் பட்டினி போடுவார்கள், முயலைப் போடக் கூடாது. அதற்கு வாந்தி எடுக்கவே வராது. ஆனால் குடல் நின்றுபோனால் செத்துவிடும். ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் அது தின்கிறதா, புழுக்கை போடுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கஷ்டமும் இருக்கிறது, மறைக்க மாட்டேன். முதல் மாதம் ஒரு ராத்திரி போனில் அரைமணி நேரம் அழுதாள். தீராத நோயில் இருந்த ஒரு நாய்க்கு வலியில்லாமல் உயிரை முடிக்கிற ஊசி. ஊசி போட்டது டாக்டர், முன்னங்காலைப் பிடித்திருந்தது இவள். வளர்த்த கிழவர் தனியாக வந்திருந்தாராம், இவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். நான் ஊரில் இருந்துகொண்டு என்ன சொல்ல முடியும்? கேட்டுக்கொண்டிருந்தேன். சம்பளமும் படிப்புக்கும் உழைப்புக்கும் ஏற்றதாக இல்லை என்று அங்கேயே குறை இருக்கிறது. அந்த வேலைப் பெயருக்கே சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று அவர்கள் பல வருடமாகக் கேட்டு வருகிறார்கள்.

நீ முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது இது. இந்தப் படிப்பு கால்நடை டாக்டர் ஆவதற்குக் குறுக்கு வழி இல்லை. முடித்துவிட்டு இங்கே வந்தால் டாக்டராகப் பதிந்துகொள்ள முடியாது. நம் நாட்டில் 1984ஆம் வருடத்துக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி, டிப்ளமோ, சான்றிதழ் படித்தவர்கள் டாக்டரின் மேற்பார்வையில் சிறு சிகிச்சைகள் செய்ய மாநில அரசு அனுமதிக்கலாம், அவ்வளவுதான். காரைக்குடியில் நாய், பூனைக்கென்று கிளினிக் வந்துவிட்டது, உதவிக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் எல்லாரும் பார்த்துப் பார்த்துக் கற்றவர்கள்தான். என் மகள் திரும்பி வந்து இங்கே அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்கிறாள். நடக்குமா தெரியவில்லை, எனக்கு ஆசையாக இருக்கிறது.

ஆகையால் உன் மகளிடம் கட் ஆஃப் பேச்சை எடுக்காமல் ஒன்றே ஒன்று கேள். இது என்ன நோய் என்று கண்டுபிடிக்க ஆசைப்படுகிறாளா, அது தேறுகிறவரை பக்கத்தில் இருக்க ஆசைப்படுகிறாளா? முதலாவது என்றால் மனசைத் தேற்றி நீட் எழுதச் சொல். அகில இந்திய ஒதுக்கீட்டு 15 சதவீத இடங்கள் அதன் வழியாகத்தான். அவளுக்கு ஒரத்தநாடோ நாமக்கல்லோ எதிலாவது இடம் கிடைத்தால் எனக்கும் சந்தோஷம்தான். இரண்டாவது என்றால் பணத்தைப் பற்றி அப்புறம் உட்கார்ந்து பேசலாம். நான் ஒளிக்காமல் கணக்குச் சொல்கிறேன். நாங்கள் ஒரு நிலத்தை விற்றோம்.

அவளுக்கே பதில் தெரியாமல் இருக்கலாம். பதினேழு வயதில் எப்படித் தெரியும்? இரண்டு வாரம் இங்கே அனுப்பு. காரைக்குடி கிளினிக் டாக்டரிடம் பேசிவிட்டேன், ஓரமாக நின்று பார்க்கலாம் என்றார். ஒரே நிபந்தனை, வருமுன் வெறிநாய்க்கடிக்கு முன்கூட்டியே போடுகிற தடுப்பூசியைப் போட்டிருக்க வேண்டும். என் மகளும் போட்டுக்கொண்டுதான் போனாள். அங்கே இங்கிலாந்தில் அந்த நோய் தெருவில் இல்லை, இங்கே நாம் அப்படி இருக்க முடியாது.

மற்றபடி ஊரில் விசேஷம் ஒன்றும் இல்லை. முகப்பு ஓடு இந்த மழையிலும் ஒழுகுகிறது, ஆள் கிடைக்கவில்லை. ஊருணி பாதி நிறைந்திருக்கிறது. எதிர் வீட்டுப் பசுவுக்கு மாசம் முடியப்போகிறது. உன் மகள் வரும் நேரம்தான் ஈனும் போலிருக்கிறது. பழைய புடவையும் சாக்கும் எடுத்து வைத்திருக்கிறேன். நீயும் கூட வந்தால் இரண்டு பேரும் தொழுவத்தில் உட்காரலாம்.

பூனை எடையை வாரம் ஒரு தடவை பார்த்து எழுதிவை.

அன்புடன்,
உன் தோழி