அம்மா வீடு திரும்பிவிட்டார்: எல்லோருக்கும் நன்றி

ஆவடியில் எங்கள் தெருக்காரர்களுக்கும், உதவிய மற்ற எல்லோருக்கும் வணக்கம்.

அம்மாவுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இனி சொன்ன தேதியில் செக்கப்புக்கு அடையாறு போய்வந்தால் போதும். வீடு வீடாக வந்து நன்றி சொல்ல ஆசைதான். அம்மாவை விட்டு நகர முடியாததால் இந்த மடல்.

மளிகைக்கடை அண்ணாச்சி கல்லாவுக்குப் பக்கத்தில் உண்டியல் வைத்து, மீதிச் சில்லறைக்கு நின்றவர்களிடமெல்லாம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். ஆட்டோ அண்ணன் ஸ்டேஷனுக்குப் போக வர ஒரு தடவைகூடக் காசு வாங்கவில்லை. அம்மாவுக்கு ரத்தம் குறைந்தபோது வந்து கொடுத்துவிட்டுப் போன கல்லூரித் தம்பிகளின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. ரேடியேஷனுக்காக இடுப்பில் மையால் கோடு போட்டு அனுப்புவார்கள். அது அழியாமல் பார்த்துப் பார்த்துக் குளிப்பாட்டி, உரசாத பழைய வாயில் புடவையாகத் தேடிக் கட்டிவிட்டது கீழ்வீட்டு அக்கா. பெற்ற மகள்கூட இவ்வளவு பொறுமையாகச் செய்வாளா என்பது சந்தேகம்தான். மகள் நான்தான், அதனால் தாராளமாகச் சொல்லலாம்.

அப்புறம், நாங்கள் கண்ணால் பார்க்காதவர்களும் இருக்கிறார்கள். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையே நாலு பேரிடம் கேட்டு வாங்கிய பணத்தில் எழுந்ததுதான். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, இந்திய மாதர் சங்கத்தின் வழியாக நிதி திரட்டினார். இந்த நோய் வந்தால் சாகத்தானே போகிறார்கள், இதற்கு எதற்குத் தனி ஆஸ்பத்திரி என்று கேட்ட காலம் அது. 1952ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954ல் 12 படுக்கைகளோடு திறந்தார்கள். முத்துலட்சுமி அம்மையாரின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955ல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அங்கேயே ஆயுளைக் கழித்தார்கள். சாந்தா அம்மையார் குடியிருந்ததும் அந்த வளாகத்துக்குள்தான். 2021ல் காலமாகும்வரை நோயாளிகளுக்காக நன்கொடை கேட்பதை அவர் நிறுத்தவில்லை. எங்கள் பில்லில் கழித்துக்கொண்ட தொகையும் அப்படி யாரோ கொடுத்ததுதானே! அவர்களுக்கும் நன்றி.

உண்டியலில் மிஞ்சியதை அந்த மருத்துவமனைக்கே கட்டிவிட்டோம். ரசீது அண்ணாச்சி கடையில் ஒட்டியிருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். அம்மா பகலில் தூங்குகிறார்; பார்க்க வருகிறவர்கள் மாலை 5 மணிக்கு மேல் வாருங்கள். ஹார்லிக்ஸ் மட்டும் இனி வேண்டாம், அலமாரியில் இடமில்லை.

அன்புடன்,
மாடிவீட்டுப் பெண்