பலகை இருக்கிறது, வேலை எங்கே?

காஞ்சிபுரம்

அன்புள்ள கதிரவனுக்கு,

வாலாஜாபேட்டையைத் தாண்டி ஆறுவழிச் சாலைப் பணி நடக்கும் பகுதியைப் பற்றிப் பேசியபோது, "சாலை வேலை நடக்கிறது என்று எச்சரிக்கும் பலகைதான் இருக்கிறது, வேலை எங்கே நடக்கிறது அப்பா?" என்று கேட்டாய். அதில் நியாயம் இருக்கிறது. ஆட்கள் போன பிறகும் பலகையை எடுக்காமல் விட்டுவிடுவதைக் கண்டு, சாலை ஆய்வாளராக இருந்த காலம் முழுவதும் எரிச்சல்பட்டவன் நான். நான்கு பலகைகள் பொய் சொன்னால் ஐந்தாவதை யார் நம்புவார்கள்? ஓட்டுநர்கள் பலகையைப் பார்க்காமல் இல்லை. பார்த்தும் வேகத்தைக் குறைப்பதில்லை. மண்வெட்டியோடு ஓர் ஆளோ, ரோடு ரோலரோ கண்ணில் பட்டால்தான் கால் பிரேக்குக்குப் போகிறது.

அதற்குள் காலம் கடந்துவிடுகிறது என்பதே என் கவலை. மணிக்கு 100 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு ஏறத்தாழ 28 மீட்டர். கண்டு, புரிந்து, பிரேக்கை மிதிக்க 2.5 நொடி ஆகும் என்று சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் நெறிமுறைகளில் கணக்கு வைத்திருக்கிறார்கள். அதற்குள் 70 மீட்டர் ஓடிவிடும், வண்டி முழுதாக நிற்பதற்குள் ஏறத்தாழ 180 மீட்டர் ஆகிவிடும். இரவில் டிம் லைட்டில் அவ்வளவு தூரம் உனக்குத் தெரியாது. அதனால்தான் வேலை கண்ணுக்குத் தெரிவதற்கு வெகு முன்பே பலகையை நடுகிறோம்.

தோண்டிய குழியைவிட, அதற்கு முன்னால் தடம் குறுகி வண்டிகள் ஒதுங்கும் இடம்தான் பொல்லாதது. அங்கே மணல் நிரப்பிய பீப்பாய்களுக்குச் சிவப்பும் வெள்ளையும் அடித்து, ஒளிரும் பட்டை ஒட்டி வரிசையாக நிறுத்துவோம். சில நாளிலேயே புழுதி படிந்து, விளக்கு வெளிச்சம் பட்டாலும் மின்னாது. ஈரச் சாக்கால் துடைக்கச் சொன்னால், "நாளைக்கும் படியத்தானே போகிறது, சார்" என்பார்கள். அதுவும் உண்மைதான்.

ஆகவே பலகையைக் கண்டதும் சடக்கென்று பிரேக் போடாதே. பின்னால் வரும் ஆம்னி பஸ்காரர் அதே பலகையை நம்பாமல் வந்துகொண்டிருப்பார். ஆக்சிலரேட்டரைத் தளர்த்தி, கண்ணாடியில் பின்னால் பார்த்து, பீப்பாய் வரிசை தொடங்குவதற்கு முன்பே தடம் மாறிவிடு. சிறிது தூரம் எதுவும் தென்படவில்லை என்று மீண்டும் வேகமெடுக்காதே. பல நேரங்களில் வேலை அந்தப் பகுதியின் கடைசியில்தான் நடக்கும்.

இந்த முறை இரவில் புறப்படாமல் விடிந்த பிறகு புறப்படு. மதியச் சாப்பாட்டுக்கு வந்தால் போதும் என்று அம்மாவும் சொல்கிறாள்.

அன்புடன்,
அப்பா