அட்டைக்கு வராத வசனம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிறிஸ்துமஸ் இதழில் கிறிஸ்தவ வாழ்வின் மகிழ்ச்சியைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். துதி, பாட்டு, நன்றி எல்லாம் இருந்தது. மன்னிப்பைத்தான் காணோம்.

எங்கள் சபையில் டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுப்போம்; புது வருஷத்துக்கென்று ஒரு வேத வசனம் அதில் இருக்கும். சில வருஷங்களுக்கு முன் எனக்கு வந்தது பிலிப்பியர் 4:4, பிலிப்பி சபைக்குப் பவுல் அப்போஸ்தலர் எழுதிய நிருபத்தில், அதாவது கடிதத்தில், வருவது. 'கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்.' ஃபிரேம் போட்டு ஹாலில் மாட்டினேன். அப்போது அண்ணனோடு எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. அப்பா வீட்டுப் பின்சுவர் தகராறு. கோயிலில் அவர் வலப்பக்கம், நான் இடப்பக்கம். திருவிருந்துக்கு மதினி எந்த வரிசையில் போகிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் நான் எழுந்திருப்பேன்.

அப்புறம் ஒருநாள் அந்த அதிகாரத்தை முதலிலிருந்து வாசித்தேன். இரண்டு வசனம் மேலே எயோதியாள், சிந்திகேயாள் என்று இரண்டு பெண்கள். பவுலோடு சேர்ந்து சுவிசேஷத்துக்காகப் பாடுபட்டவர்கள். ஆனால் ஒருவருக்கொருவர் ஆகவில்லை. ஒரே சிந்தையாயிருங்கள் என்று பேர் சொல்லியே புத்தி சொல்கிறார். அவர்களுக்கு உதவும்படி இன்னொருவரையும் கேட்டுக்கொள்கிறார். இந்த நிருபங்களைச் சபை கூடியிருக்கும்போது சத்தமாக வாசிப்பார்கள். பாவம், அந்த இரண்டு பேரும் முகத்தை எங்கே வைத்துக்கொண்டார்களோ! அந்தச் சூட்டோடுதான் 'சந்தோஷமாயிருங்கள்' வருகிறது. எழுதியவரோ விலங்கு மாட்டிய கைதி.

இயேசு சொன்ன கெட்ட குமாரன் கதையில், சொத்தை அழித்துவிட்டுத் திரும்பி வந்த இளையவனுக்கு அப்பா விருந்து வைக்கிறார்; மூத்தவன் வெளியேதான் நிற்கிறான். ஆட்டமும் பாட்டும் அவன் காதில் விழுகின்றன. நண்பர்களோடு சாப்பிட எனக்கு ஒரு ஆட்டுக்குட்டிகூடத் தரவில்லையே என்று அவன் கேட்பது நியாயம்தான். சுவர் விஷயத்திலும் நியாயம் என் பக்கம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். இருந்தாலும் போன ஈஸ்டர் அன்று அண்ணன் வீட்டுக்குப் போனேன். மதினி கதவைத் திறந்தார்கள், ஒன்றும் பேசாமல் அடுப்படிக்குப் போனார்கள். "அவளுக்குச் சீனி போடாதே" என்று அண்ணன் உள்ளே பார்த்துச் சொன்னார். சுவரைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். குடித்துவிட்டு அடிக்கிறவனிடமே 'மன்னித்துவிட்டுத் திரும்பிப் போ' என்று பெண்களுக்குப் புத்தி சொல்கிறவர்கள் சபைகளில் இருக்கிறார்கள். அதை நான் மன்னிப்பு என்று ஒத்துக்கொள்ள மாட்டேன். 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் ஆஸ்திரேலிய மிஷனரி கிரஹாம் ஸ்டெயின்ஸையும் அவருடைய இரண்டு பிள்ளைகளையும் ஜீப்போடு எரித்தார்கள். பிள்ளைகளுக்கு வயது 10, 6. கொன்றவர்களை மன்னிக்கிறேன் என்றார் மனைவி கிளாடிஸ். குடும்பம் வாழ்ந்த பாரிபடாவிலேயே தங்கித் தொழுநோயாளிகளைப் பார்த்துக்கொண்டார். வழக்கும் அதன் போக்கில் நடந்தது; முக்கியக் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை 2011இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. கிளாடிஸ் மன்னித்ததால் சட்டத்தின் கை கட்டப்பட்டுவிடவில்லை.

கட்டுரையாளர் மகிழ்ச்சியைப் பற்றி இன்னொரு முறை எழுதினால், அந்த இரண்டு பெண்களிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நாகர்கோவில்