பதின்மூன்றாவது ஆள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் அம்மா என்னிடம் எதுவும் சொல்லவில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ அவளிடம் சண்டைக்குப் போவாய். மொட்டைமாடி ஒழுகல் நின்றுவிட்டது. பெரியப்பா விஷயம் நீ நினைத்தபடியேதான் முடிந்தது. வேறு செய்தி இல்லை.

ஆபீஸில் ஊழியர் நலனுக்கு உன்னையே பொறுப்பாகப் போட்டிருக்கிறார்கள் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நாலு பேரிடம் சொல்லியும் விட்டேன். ஆனால் அதைச் சொல்ல நீ கூப்பிட்டது ராத்திரி பதினொன்றே காலுக்கு. நான் பேசப் பேச அந்தப் பக்கம் கீபோர்டு சத்தம். நான் நிறுத்தினால் அதுவும் நிற்கிறது. "ம், சொல்லுங்கப்பா" என்கிறாய். மறுபடி தட்டுகிறாய். அதற்கு நடுவில்தான் கேட்டாய், வெள்ளிக்கிழமைகளில் எல்லோருக்கும் யோகா வகுப்பு வைக்கலாமா என்று.

வை. வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் பாயைச் சுருட்டிவிட்டுப் போனால் மேஜையில் அதே வேலைதானே கிடக்கும். மூன்று பேர் வேலையை இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தால் மூச்சுப்பயிற்சி என்ன செய்யும்? முதலில் ஆளையும் வேலையையும் எண்ணு. காலியான இடத்துக்கு ஆள் கேள். ஒரு வேலைக்குக் கெடு வைப்பதற்கு முன்னால், அதைச் செய்யப் போகிறவரிடம் ஒரு வார்த்தை கேள். அப்புறம், ராத்திரியில் மெயில் அனுப்பாதே. 'அவசரமில்லை' என்று நீ எழுதினாலும் வாங்குகிறவருக்கு அது அவசரம்தான், அனுப்பியது மேலதிகாரி ஆயிற்றே.

நூலகத்துக்குப் போனால் இப்போதெல்லாம் இந்த விஷயம்தான் படிக்கிறேன். வேலையில் ஓய்ந்து கருகிப்போவதை, 'பர்ன்அவுட்' என்கிறார்களே அதை, உலக சுகாதார நிறுவனம் 2019-ல் தன் நோய் வகைப்பாட்டுப் பட்டியலில் விளக்கி எழுதியிருக்கிறது. நோய் என்று சொல்லவில்லை, சமாளிக்கப்படாத வேலை அழுத்தத்தால் வருவது என்றுதான் சொல்கிறது. அடையாளம் மூன்று. சக்தியெல்லாம் வடிந்துபோவது. வேலையை விட்டு மனசு விலகி, எதைக் கேட்டாலும் கசப்பாக இருப்பது. எவ்வளவு செய்தும் ஒன்றும் உருப்படியாகச் செய்யவில்லை என்று தோன்றுவது. உன் ஆட்களில் யாருக்காவது இப்படி இருக்கிறதா என்று பார். 12 பேர் என்றாய். பதின்மூன்றாவது ஆளையும் சேர்த்துக்கொள்.

அதே நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-ல் ஒரு கணக்கு வெளியிட்டன. வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் அதிகமாம். இதய நோயால் சாகும் அபாயம் 17 சதவீதம் அதிகம். உனக்கு வாரம் எத்தனை மணி நேரம் என்று நான் கேட்கவில்லை. நீ அனுப்பும் மெசேஜ் எல்லாவற்றிலும் நேரம் போட்டிருக்கிறது. கணக்குப் பிரிவில் இருந்தவன், கூட்டிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

ஏமி எட்மண்ட்சன் என்று அமெரிக்காவில் ஒரு அம்மாள். மருத்துவமனைப் பிரிவுகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்திருக்கிறார். ஒற்றுமையாக நடக்கும் பிரிவுகளில்தான் தவறு அதிகம் என்று கணக்கு வந்தது. குழம்பிப்போய் மேலும் பார்த்தால், அங்கே தவறு நடந்ததைச் சொல்ல யாரும் பயப்படவில்லை. மற்ற இடங்களில் மறைத்திருக்கிறார்கள்! இதைப் படித்துவிட்டு நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

என் ஆபீஸில் ஸ்டோர் கணக்கு பார்த்த மனிதரை உனக்கு ஞாபகம் இருக்கலாம். பெயர் வேண்டாம். ஒரு நாள் 10 நாள் லீவு கேட்டு வந்து நின்றார். கடிதத்தில் 'சொந்தக் காரணம்' என்று போட்டிருந்தது. என்ன காரணம் என்று எல்லோருக்கும் நடுவில் கேட்டேன். "மனசு சரியில்லை சார்" என்றார். பின்னால் யாரோ சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. சிரித்தவனை அடக்கவும் இல்லை. ஸ்டாக் எடுக்கும் நேரம். "பார்க்கலாம்" என்று சொல்லி, கடிதத்தைப் பேப்பர்வெயிட்டுக்கு அடியில் வைத்தேன். மறுநாள் அவர் வந்து என்னைப் பார்க்கவில்லை, அந்தப் பேப்பர்வெயிட்டைப் பார்த்துவிட்டுப் போனார். அதற்கு மறுநாளும் அப்படியே. அப்புறம் கேட்கவே இல்லை.

நாலு மாதம் கழித்துப் பார்த்தால் அவருடைய பதிவேடு முழுக்கத் தப்பு. ஒன்றைக்கூட அவர் வந்து சொல்லவில்லை. மெமோ கொடுத்தேன். ஒரே வரியில் ராஜினாமா எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் நீ பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாய். எட்டாம் வகுப்பு. "அவருக்கு என்னப்பா உடம்புக்கு?" என்று கேட்டாய். "உடம்புக்கு ஒன்றுமில்லை, வேலை செய்ய மனசில்லை" என்றேன். நீ தலையை ஆட்டிவிட்டு மறுபடி எழுத ஆரம்பித்தாய். அந்த வருடம் முழு வருகைக்குப் பரிசு வாங்கினாயே, அதில் இரண்டு நாள் காய்ச்சலோடு உன்னை அனுப்பி வைத்தது நான்தான். அந்தப் பரிசை ஹாலில் மாட்டி வைத்ததும் நான்தான்.

அதனால்தான் உனக்கு இப்போது என்னிடம் சொல்ல வாய் வரவில்லையோ என்று நினைக்கிறேன். அம்மாவிடம் சொல்கிறாய். சொல்லவில்லை என்றுதான் எழுதினேன், சரி, இருக்கட்டும். அழுதாயாம்.

அந்த லீவு லெட்டரை நான் கிழிக்கவில்லை. பச்சை டைரிக்குள் இருக்கிறது. கையெழுத்து அவ்வளவு அழகு. எந்த வரியும் கோணவில்லை.

இங்கே வருகிறேன் என்றால் தேதி மட்டும் சொல்லு. என்ன காரணம் என்று கேட்க மாட்டேன். ராத்திரி மெயில் அனுப்பாதே. உன் அறையைச் சுத்தம் செய்தாயிற்று. மேஜையை மட்டும் எடுத்து வராந்தாவில் போட்டிருக்கிறேன்.

அப்பா