செவ்வாய்க்கிழமைக்கு முன்னம், தங்கச்சிக்கு

அன்புத் தங்கச்சி,

நேற்றிரவு நீ போனை வைத்த பிறகும் உன் குரல் என் காதை விட்டுப் போகவில்லை. "அக்கா, எனக்கு ஒண்டுமே தெரியாது போல கிடக்கு. அவையள் ஸ்கிரீனைக் காட்டச் சொன்ன உடன கை விறைச்சுப் போச்சு." போன கிழமை மென்பொருள் வேலைக்கான இன்ரவியூவில் நடந்ததை மூன்று தரம் சொன்னாய். அடுத்த இன்ரவியூ வாற செவ்வாய்க்கிழமை. மூன்று தரமும் "நான் மொக்கு" என்றுதான் முடித்தாய். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக் கம்பஸில் கூடப் படித்தவர்களின் கணினி நிரலில், அந்தக் கோடில், பிழை பிடித்துக் கொடுத்த பிள்ளை நீ. அந்தச் சொல்லை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உன்னைப் போல இன்னும் சிலர் வீட்டில் கதவைச் சாத்திவிட்டு இருப்பார்கள் என்பதால் இதைப் பகிரங்கமாக எழுதுகிறேன். உன் பெயர் வராது.

2020இல் வெளிவந்த ஓர் ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தையும் மைக்ரோசொப்டையும் சேர்ந்தவர்கள் செய்தது. 48 கணினி மாணவர்களுக்கு நிரல் எழுதும் கணக்கைக் கொடுத்து இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் ஆள் பார்த்திருக்க, வாயால் விளக்கிக்கொண்டே வைற்போர்ட்டில் எழுத வேண்டும். மற்றவர்கள் தனி அறையில் எழுதினார்கள். ஆள் பார்த்திருந்த இடத்தில் திறன் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. அங்கே பெண்களில் ஒருவர்கூடக் கணக்கைச் சரியாக முடிக்கவில்லை. தனி அறையில் எழுதிய பெண்கள் எல்லோரும் முடித்தார்கள். சின்ன ஆய்வுதான். ஆனாலும் வாசித்த அன்று எனக்கு அழுகை வந்தது.

ஏனென்றால் என் முதல் இன்ரவியூ அப்படித்தான் போனது. இங்கிருந்து கொழும்புக்கு இரவு பஸ், கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர். விடிய வெள்ளவத்தையில் இறங்கி, மாமி வீட்டில் முகம் கழுவிக்கொண்டு நேரே போனேன். லிங்க்ட் லிஸ்ட் ஒன்றை, அதாவது ஒன்று அடுத்ததைக் காட்டும் தரவுச் சங்கிலியை, பின்முன்னாகத் திருப்பச் சொன்னார்கள். பஸ்ஸுக்குள் போன் வெளிச்சத்தில்கூட எழுதிப் பார்த்த கணக்கு அது. மார்க்கரின் மூடியைக் கழற்றினேன். இடது கையில் அந்த மூடி வியர்வையில் வழுக்கியது மட்டும்தான் இப்போதும் ஞாபகம். வாயே திறக்காமல் நின்றேன். ஒருவர் மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு அறிவிப்பதாகச் சொன்னார்கள், அறிவிக்கவில்லை. எனக்கு மூளை காணாது என்று இரண்டு வருசம் நம்பிக்கொண்டு திரிந்தேன். அதுவரை ஒரு மனிதரின் கண்முன் ஒரு வரி கோட்கூட நான் எழுதியதில்லை என்பது அப்போது விளங்கவில்லை.

அதை விளங்க வைத்தது அம்மம்மா. குசினியில் பயித்தங்காய் முறித்துக்கொண்டிருந்தா. நான் கொப்பியோடு பக்கத்தில் குந்தி, "அம்மம்மா, இதைக் கேளுங்கோ" என்று பைனரி சேர்ச்சைச் சொல்லத் தொடங்கினேன். அகர வரிசையில் எழுதிய பெயர்ப் பட்டியலில் ஒரு பெயர் தேடுவது மாதிரி. நடுவில் விரிக்கிறோம், பெயர் அதற்கு முன்னமா பின்னமா என்று பார்க்கிறோம், மற்றப் பாதியை விட்டுவிடுகிறோம். பத்து இலட்சம் பெயர் இருந்தாலும் 20 தரம் பாதியாக்கினால் ஆள் அகப்பட்டுவிடும். கோட் எழுதும் இடம் வந்ததும் என் வாய் நின்றுவிட்டது. அம்மம்மா தலை நிமிராமல் கேட்டா: "என்னடி பிள்ளை, சத்தத்தைக் காணேல்லை?"

அதுதான் என் வருத்தம் முழுவதும். எங்கே தடக்குப்படுகிறேனோ அங்கே ஊமையாகிவிடுவேன். அதன் பிறகு ஒன்றரை மாதம், ஒவ்வொரு பின்னேரமும் அவவுக்கு ஒரு கணக்கு. அவவுக்கு விளங்கவேண்டிய தேவையில்லை. நான் நிற்கும் இடம் அவவுக்குக் கேட்டது.

இப்போது வேலையிடத்தில் நான் கேள்வி கேட்கும் பக்கத்துக் கதிரையில் இருக்கிறேன். ஒரு பிள்ளை ஐந்து நிமிடம் மௌனமாக இருந்தால் எங்கே கைகொடுப்பது என்று எனக்குத் தெரியாது. "ஒரு வழி தெரியுது, ஆனா மெதுவா ஓடும், முதல் அதை எழுதிறன்" என்றால் எனக்கே நிம்மதி. அந்த மெதுவான விடையை எழுதிவிடு. பிழை வந்தால் "இதில பிழை விட்டிட்டன்" என்று சொல்லித் திருத்து. ஜாவா என்ற நிரல் மொழியின் சொந்த நூலகத்தில், அதன் ஆயத்தக் கோட் தொகுப்பில், இருந்த பைனரி சேர்ச்சிலேயே பிழை இருந்தது, தெரியுமா? நடுவைக் காண இரண்டு முனைகளின் இட எண்களையும் கூட்டி இரண்டால் பிரிக்கும் வரியில், தேடும் பட்டியல் மிகப் பெரிதானால் கூட்டுத்தொகை எல்லை தாண்டி மறை எண்ணாகிவிடும். ஒன்பது வருசமளவு கிடந்து 2006இல்தான் வெளியே தெரிந்தது. எழுதியவர்கள் தேர்ந்த கைகள்.

இங்கிலிஷைப் பற்றியும் பயப்பட்டாய். சின்னச் சின்ன வசனமாகச் சொல். கேள்வி விளங்காவிட்டால் திரும்பக் கேள். அதற்கு யாரும் புள்ளி குறைக்க மாட்டார்கள்.

நெஞ்சு அடிப்பது அட்ரினலின் செய்யும் வேலை. மூச்சை உள்ளே எடுப்பதைவிட வெளியே விடுவதை நீட்டு, நாலு எண்ணி எடுத்தால் ஆறு எண்ணி விடு. மெல்ல இதயம் தணியும். அன்று காலையில் கோப்பியைக் குறை, அது படபடப்பைக் கூட்டும். முதல்நாள் பன்னிரண்டு மணிவரை கணக்கோடு மல்லுக்கட்டாதே. நித்திரை கொள். இந்த முறையும் சூம் என்பதால் பஸ் அலைச்சல் இல்லை, அது பெரிய ஆறுதல்.

இன்னொன்று. சாப்பிட முடியவில்லை, விடிய மூன்று மணிக்கு முழிப்பு வருகிறது என்றாய். செவ்வாய்க்கிழமை போன பிறகும் அந்தப் பதகளிப்பு விடாவிட்டால் என்னிடம் மறைக்காதே. யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது, நான் கூட்டிக்கொண்டு போவேன். 1926க்கு எந்த நேரமும் எடுக்கலாம், தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம் அது. சனம் என்ன கதைக்கும் என்று பெரியம்மா யோசித்தால் நான் கதைக்கிறேன்.

ஞாயிறு பின்னேரம் கொக்குவிலுக்கு வா. லப்டொப் வேண்டாம், ஒரு கொப்பியும் பேனையும் போதும். விறாந்தையில் அம்மம்மாவின் கதிரை அப்படியே கிடக்கிறது, அதில் நான் இருந்து பயித்தங்காய் முறிப்பேன். நீ எனக்கு அந்த ஸ்கிரீன் கணக்கை முதலிலிருந்து சொல்லு.

உன் அக்கா