ரைட் ஃபீல்டில் கடல்காற்று

அன்பு நண்பா,

பிள்ளைகளோடு நியூயார்க் கடற்கரையான கோனி ஐலண்ட் போய், மேஜர் லீக் அணியான மெட்ஸின் இளம் வீரர்கள் ஆடும் புரூக்ளின் சைக்ளோன்ஸ் அணியின் பேஸ்பால் ஆட்டம் பார்க்கப்போவதாக எழுதியிருந்தாய், ரொம்பச் சந்தோஷம். ரைட் ஃபீல்ட் (மட்டை பிடிப்பவருக்கு வலப்புறமுள்ள வெளிமைதானம்) வேலி 325 அடியில்தானே இருக்கிறது, பந்தைப் பெரும்பாலும் அந்தப் பக்கம் அடிக்கும் இடக்கை ஆட்டக்காரர்கள் அங்கே ஏன் திணறுகிறார்கள் என்றும் கேட்டிருந்தாய். எல்லாம் காற்று செய்கிற வேலை.

சைக்ளோன்ஸின் மைதானமான மைமோனிடிஸ் பார்க்குக்கு வடக்கே சர்ஃப் அவென்யூ. தெற்கே மரப்பலகை நடைபாதை, மணல், அதற்கப்பால் அட்லாண்டிக். ரைட் ஃபீல்ட் கடல் பக்கம். கோடையில் வெயில் ஏற ஏறத் தரை சூடாகி அங்குள்ள காற்று மேலெழும்பும். அந்த இடத்துக்குக் கடல்மேலிருக்கும் குளிர்ந்த காற்று பாய்ந்து வரும். பிற்பகலில் வலுக்கும் காற்று, மாலை ஆட்டம் தொடங்கும்போதும் பல நாள் ஓய்ந்திருக்காது. மணிக்கு 5 மைல் எதிர்க்காற்று இருந்தாலே, 400 அடி போகவேண்டிய பந்தில் ஏறக்குறைய 20 அடி குறைந்துவிடும். தூக்கி அடித்த பந்துக்குத்தான் பாதிப்பு அதிகம், ஆகாயத்தில் அது இருக்கும் நேரம் கூடுதல் அல்லவா? தாழ்வாகப் பாயும் லைன் டிரைவ் தப்பித்துவிடும். ரைட் ஃபீல்டரின் கால்களைக் கவனி. வேலியை நோக்கிப் பின்வாங்கியவர், சட்டென்று நின்று, நாலு எட்டு முன்னால் ஓடிவந்து பிடிப்பார்.

ஐக் டேவிஸை எடுத்துக்கொள். 2008-இல் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் மெட்ஸ் முதல் சுற்றிலேயே எடுத்த இடக்கை ஆட்டக்காரர். அந்தக் கோடையில் சைக்ளோன்ஸுக்கு 58 ஆட்டம் ஆடி, வேலிக்கு அப்பால் பந்தை அனுப்பும் ஹோம் ரன் ஒன்றுகூட அடிக்கவில்லை. 2012-இல் மெட்ஸுக்கு 32 அடித்தார்! முழுப் பழியையும் காற்றின்மேல் போட முடியாது; கல்லூரி அலுமினிய மட்டையை விட்டு மரமட்டைக்கு மாறிய முதல் கோடை அது. ஆனாலும் இங்கே ஆடும் இளம் இடக்கைக்காரர்களை ஹோம் ரன் கணக்கை வைத்து எடைபோடுவது அநியாயம். பந்து மட்டையில் எவ்வளவு பலமாகப் படுகிறது என்று பார்.

தரையில் இருப்பது செயற்கைப் புல். 2012 அக்டோபரில் சாண்டி புயல் கடல்நீரை மைதானத்துக்குள் கொண்டுவந்துவிட்டது. உப்பு வேரைத் தண்ணீர் உறிஞ்ச விடாது. அதிலுள்ள சோடியம் களிமண்ணை இறுக்கி வடிகாலையும் அடைத்துவிடும். அதனால் 2013 முதல் செயற்கைப் புல். இயற்கைப் புல்லின் அழகு போனது வருத்தம்தான், ஆனால் கடலோரத்தில் அதுவே சரியான முடிவு.

எந்த மாதம் போகிறாய்? முன்பெல்லாம் ஜூன் நடுவில்தான் சீசன் தொடங்கும். 2021-இல் சைக்ளோன்ஸ் ஹை-ஏ என்னும் மைனர் லீக் நிலைக்கு உயர்ந்த பிறகு வசந்தத்திலேயே தொடங்கிவிடுகிறது. ஏப்ரல், மே மாதங்களில் கடல்நீர் இன்னும் குளிர்ந்தே கிடக்கும். மன்ஹாட்டனில் சட்டையோடு நடமாடும் நாளிலும் இங்கே பிள்ளைகளுக்கு ஜாக்கெட் வேண்டும்.

மூன்றாம் பேஸ் பக்கம் டிக்கெட் எடு. ரைட் ஃபீல்டும் கடலும் பழைய கேளிக்கைச் சவாரியான பாரசூட் ஜம்ப் கோபுரமும் நேரெதிரே தெரியும். 262 அடி உயரக் கோபுரம் அது. 1939 நியூயார்க் உலகக் கண்காட்சிக்காகக் கட்டி, 1941-இல் இங்கே கொண்டுவந்தார்கள். டி, எஃப், என், க்யூ எந்த ரயிலில் வந்தாலும் கடைசி நிறுத்தமான ஸ்டில்வெல் அவென்யூவில் இறங்கி மேற்கே நடந்தால் போதும். உள்ளே நுழையுமுன் நவீன மேஜர் லீக்கின் முதல் கறுப்பின வீரரான ஜாக்கி ராபின்சன், அவரது அணித்தோழர் பீ வீ ரீஸ் இருவரும் நிற்கும் சிலையைப் பிள்ளைகளுக்குக் காட்டு. வெள்ளையரான ரீஸ், ராபின்சன் தோள்மேல் கைபோட்டு நிற்பார். ஏன் என்று அவர்களே கேட்பார்கள், நிதானமாகச் சொல்.

ஆட்டம் தொடங்குமுன் கொடி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள். திரும்பி வந்ததும் எழுது.

அன்புடன்,
உன் நண்பன்